கோழித் தீவனத்தில் நார்ச்சத்து: தவிடும் தானியமும் விற்போர் அறிய வேண்டியவை

மக்காச்சோளம், கம்பு, நொய், தவிடு ஆகியவற்றைக் கோழிப் பண்ணைகளுக்கும் தீவன ஆலைகளுக்கும் அனுப்பும் வணிகர்கள் நம்மிடையே பலர் உண்டு. "நார் அதிகம்" என்று சொல்லி ஆலைக்காரர் லோடைத் திருப்புவதும், விலையில் பிடித்தம் செய்வதும் இத்தொழிலில் வாடிக்கை. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை அறிந்து வைத்திருந்தால், வாங்கும்போதே நாம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

மாடு வேறு, கோழி வேறு

மாட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. அவை வைக்கோலின் நாரையும் உடைத்துச் சத்தாக்கிவிடும். கோழிக்கு அந்த வசதி இல்லை. பல்லும் இல்லை. உண்ட தீவனம் தீனிப்பையில் ஊறி, அரைவைப்பையில் அரைபட்டு, சில மணி நேரத்திலேயே குடலைக் கடந்து விடுகிறது. குடலின் கடைசியில் உள்ள இரண்டு குருட்டுக்குடல்களில் மட்டும் சிறிதளவு நார் புளித்துச் செரிக்கும். மற்றதெல்லாம் எச்சமாக வெளியேறும். ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடைக்கு வளர வேண்டிய கறிக்கோழிக்கு, நார் கூடக் கூட எரிசக்தி குறைகிறது என்பதே பொருள்.

நாரில் இரு வகை

கோதுமை, பார்லி, ரை போன்ற தானியங்களில் தண்ணீரில் கரையும் நார் உண்டு. இது குடலில் கஞ்சிப் பசைபோலக் கெட்டியாகிறது. செரிமான நீர் தீவனத்துடன் சரியாகக் கலப்பதில்லை. கொழுப்பும் புரதமும் முழுதாகச் செரிப்பதில்லை. எச்சம் பிசுபிசுப்பாகி, கொட்டகையின் கூளம் ஈரமாகிறது. நாற்றமும் கால் புண்ணும் தொடர்கின்றன. கோதுமையை அதிகம் பயன்படுத்தும் ஐரோப்பிய நாடுகளில் இந்தப் பசையை உடைக்கச் சைலனேஸ் என்னும் நொதியைத் தீவனத்தில் சேர்ப்பது வழக்கம். மக்காச்சோளத்திலும் சோளத்திலும் இந்தப் பசைத்தன்மை மிகக் குறைவு. நம் நாட்டு ஆலைகள் மக்காச்சோளத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உமி, தோல் போன்றவற்றில் இருப்பது கரையாத நார். இது அளவோடு இருந்தால் நன்மையே. இரண்டு, மூன்று சதவீத அளவில் சற்றுப் பருமனான தோலைச் சேர்த்தால் அரைவைப்பை வலுப்பெறுகிறது, அமிலம் நன்கு சுரக்கிறது, செரிமானம் சீராகிறது. அளவு மீறினால் வெறும் இடம் அடைக்கும் பொருளாகிவிடும்.

கணக்குப் பார்ப்போம்

மக்காச்சோளத்தில் கச்சா நார் சுமார் 2 முதல் 2.5 சதவீதம். கோதுமைத் தவிட்டில் 10 சதவீத அளவில் இருக்கும். நெல் உமியில் சுமார் 40 சதவீதம். அத்துடன் மணல் போன்ற சிலிக்காவும் மிகுதி. 12 சதவீத நாருள்ள 75 கிலோ அரிசித் தவிட்டில் 25 கிலோ உமித்தூளைக் கலந்தால், 100 கிலோவில் நார் 19 கிலோவாக ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஆய்வகத்தில் தெரிந்துவிடும்.

வாங்குபவருக்கு என்ன நட்டம்? ஒரு கிலோ உயிர் எடைக்குப் பிடிக்கும் தீவனம் 100 கிராம் கூடினால், இரண்டு கிலோ எடையுள்ள 5,000 கோழிகளுக்கு ஒரு டன் தீவனம் கூடுதலாகச் செலவாகும். அதாவது 50 கிலோ மூட்டைகள் இருபது. கோழி வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகும் நிலையில், இந்த நட்டத்தைத் தாங்கியவர் மறுமுறை நம் கடைக்கு வரமாட்டார்.

புதிய சரக்கு

2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க ஒன்றிய அரசு கட்டுப்பாடு விதித்தபின், மக்காச்சோளம் எத்தனால் ஆலைகளுக்குப் பெருமளவில் போகத் தொடங்கியது. அங்கு மாவுச்சத்தை எடுத்தபின் எஞ்சும் உலர் சக்கை, டி.டி.ஜி.எஸ். என்ற பெயரில் சந்தைக்கு வருகிறது. மூன்று கிலோ தானியத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சக்கை கிடைக்கும். ஆகவே புரதம் மூன்று மடங்காவதுபோல் நாரும் ஏறுகிறது. தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்திருந்தால் அதுவும் அவ்வாறே ஏறும். விலை மலிவு என்று மட்டும் பார்த்து இதை வாங்கக் கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

தவிட்டை ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உமி பெரும்பாலும் மிதக்கும். இது முதல் சோதனைதான். லோடு கணக்கில் வாங்கும்போது ஆய்வகச் சான்று கேட்பது நல்லது. எண்ணெய் எடுக்காத தவிடு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்; ஆதலால் அதிக நாள் இருப்பு வைக்க வேண்டாம். எண்ணெய் எடுத்த தவிடு, எடுக்காத தவிடு இரண்டையும் தனித்தனியே அடுக்கி, பில்லிலும் தெளிவாக எழுதுங்கள். நார் எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்கி, அதையே சொல்லி விற்கும் வணிகருக்குச் சரக்கு திரும்பி வரும் கவலை குறையும்.