சிற்பத்தின் அருகே ஒரு மனிதர்

நூதனசாலைகளிலே சிற்பங்களைப் படம்பிடிப்போரிடம் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. மண்டபத்தை விட்டு மக்கள் அகலும்வரை காத்திருப்பர். பின்னால் வெறுமையான திரையொன்றைத் தொங்கவிடுவர். சிற்பம் மட்டும் தனித்து நிற்கும்படி படமெடுப்பர். விவரப்பட்டியலுக்கும் ஆராய்ச்சிக்கும் இம்முறை ஏற்றதே. ஆயினும், இக்காலச் சிற்பங்கள் பலவற்றைப் பொறுத்தவரை, இத்தகைய படம் உண்மையிற் பாதியை மறைத்துவிடுகின்றது.

அவுஸ்திரேலியாவிலே பிறந்து இங்கிலாந்திலே சிற்பியாகப் பெயர்பெற்ற றொன் மியூக் என்பாரின் படைப்புகள் இதற்குத் தக்க சான்றாகும். உயிரற்று மல்லாந்து கிடக்கும் தம் தந்தையின் உருவத்தை அவர் சிலிக்கோனினால் அமைத்தார். 1997ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் அக்கடமியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. தோலின் சுருக்கமும் நகமும் மயிரும் மெய்யுடலிற் காண்பன போலவே இருக்கும். ஆனால் உருவத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு மீற்றர் மாத்திரமே. டென்மார்க்கிலே ஓகஸ் நகரக் கலைக்கூடத்திலுள்ள அவரது மற்றொரு சிற்பம், குந்தியிருக்கும் ஒரு சிறுவன். அவன் குந்தியிருந்தபடியே ஏறத்தாழ ஐந்து மீற்றர் உயரமுடையவன்.

இவ்விரண்டையும் தனித்தனியே படமெடுத்தால் நிகழ்வது யாது? தந்தையும் சிறுவனும் இயல்பான அளவினராகவே தோன்றுவர். சிற்பி கருதிச் செய்த சிறுமையும் பெருமையும் படத்தில் இல்லாதொழியும். தந்தையின் அருகே ஒருவர் குனிந்து நோக்கும்போதுதான், இறப்பு ஒரு மனிதனை எவ்வளவு சிறியவனாக்கிவிட்டது என்பது புலனாகும். சிறுவனின் முன்னே முதியவர் ஒருவர் அண்ணாந்து நிற்கும்போதுதான், அவர் குழந்தையாகிவிட்டமை தெரியும்.

இத்தகைய படத்தை எடுப்பதற்குச் சில நுணுக்கங்கள் உள. பார்வையாளர் கமெராவுக்கு அண்மையிலும் சிற்பம் சேய்மையிலும் இருப்பின், அளவு பொய்த்துவிடும். இருவரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அகலக்கோண வில்லையுடன் மிக நெருங்கினால் முன்னுள்ள பகுதி பருத்துத் தோன்றும். ஆதலின் பின்வாங்கி நின்று எடுப்பதே நன்று. பிளாஷ் ஒளியையும் முக்காலியையும் பல நூதனசாலைகள் அனுமதிப்பதில்லை. மங்கிய ஒளியிலே, தூணொன்றிற் சாய்ந்து கையை நிலைநிறுத்தி, செக்கனில் எட்டிலொரு பங்கு நேரம் திறந்து வைத்தால் ஒரு நன்மை விளையும். கடந்து செல்வோர் புகைபோல் மங்கிவிடுவர். சிற்பத்தில் மனமொன்றி அசையாது நிற்பவர் மாத்திரம் தெளிவாகப் பதிவர். உண்மையான இரசிகர் யாரென்பதைக் கமெராவே தெரிந்தெடுத்துவிடுகின்றது.

சில படைப்புகளிலே பார்வையாளர் அளவுகோலாக மாத்திரம் அமைவதில்லை. படைப்பின் பகுதியாகவே ஆகிவிடுகின்றனர். 2003ஆம் ஆண்டிலே ஒலாவுர் எலியசன் என்னும் கலைஞர், முன்னர் மின்னிலையமாயிருந்த இலண்டன் ரேற் மொடேர்ன் கலைக்கூடத்தின் பெருமண்டபத்தில் மஞ்சள் விளக்குகளால் அரைவட்டச் சூரியனொன்றை அமைத்தார். கூரையிற் பதித்த கண்ணாடி அதனை முழுவட்டமாக்கியது. மக்கள் தரையிலே படுத்து, கூரையில் தம் சிறிய நிழலுருவைத் தேடினர். அந்த மக்களை விலக்கியெடுத்த படம் விளக்கைக் காட்டும், படைப்பைக் காட்டாது.

எனினும் ஒரு பொறுப்பு உண்டு. இறந்த தந்தையின் உருவின் முன்னே கண்கலங்கி நிற்பவர் தம் தந்தையை நினைந்து நிற்கக்கூடும். அவர் கமெராவுக்காக அங்கு வந்தவரல்லர். முகம் தெரியாதவாறு பின்புறமிருந்து எடுத்தலும், முகம் தெரியுமாயின் அனுமதி கேட்டலும், குழந்தையாயின் பெற்றோரின் இசைவு பெறுதலும், மறுத்தால் படத்தை நீக்கிவிடுதலும் நாகரிகமாகும். கல்லும் உலோகமும் எத்தனை முறையும் படத்துக்கு நின்று கொடுக்கும். மனிதரின் துயரமோ வியப்போ அவருக்கே உரியது. அவர் மனமுவந்து தந்தாலன்றி அதனைப் பிறர் எடுத்துக்கொள்ளலாகாது.