இருவர் புறப்பட்டால் இருவரும் சேர வேண்டும்

1923ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் மிதிவண்டியில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். நான்கரை ஆண்டுகள் கழித்து, 1928 மார்ச் மாதத்தில் பயணத்தை நிறைவு செய்து ஊர் திரும்பியவர்கள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டுமே. மற்ற மூவரும் இடையிலேயே பிரிந்துவிட்டனர். நெடும்பயணத்தில் தொலைவைக் கடப்பது ஒரு பணி. சேர்ந்து கடப்பது மற்றொரு பணி. இரண்டாவதற்கும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதைச் சென்ற ஆடி மாதத்தில் நாங்கள் நேரில் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் திருவனந்தபுரத்தில் பணியாற்றும் இரு வங்கி அலுவலர்கள். இருவரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். திருநெல்வேலி வரை சென்று திரும்புவது எங்கள் திட்டம். ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் சென்று இரவு தங்குவது. மறுநாள் தோவாளை, ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி சேர்வது. அதே வழியில் இரண்டு நாள்களில் திரும்புவது. இந்த நான்கு நாள்களுடன் ஐந்தாவதாக ஒரு நாள் விடுப்பையும் கையிருப்பாக வைத்திருந்தோம்.

காற்றின் கணக்கு

சமதளத்தில் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கும்போது, நமது உழைப்பின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. ஒருவர் முன்செல்ல, மற்றவர் அவருக்கு நேர்பின்னே நெருங்கிச் சென்றால், பின்செல்பவரின் உழைப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வது வழக்கம். நெடுஞ்சாலையில் இணையாகச் செல்லலாகாது. லாரிகள் கடக்கும்போது இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்திருப்பதும் அதனாலேயே. போகும்போது அக்காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு சென்றது. அந்த வேகத்தை எங்கள் திறமை என்று எண்ணி மகிழ்ந்தோம்.

வேகத்தின் கணக்கு

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் உண்மை தெரிந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பணகுடிக்கு அருகே அக்காற்று எங்கள் முகத்தில் அறைந்தது. எங்களில் ஒருவருக்குக் காலை முதலே முழங்காலில் வலி இருந்திருக்கிறது. ‘யார் நிறுத்தச் சொன்னாலும் இருவரும் நிறுத்துவோம்’ என்று புறப்படும் முன்னரே பேசி வைத்திருந்தோம். ஆயினும் அவர் கூச்சத்தால் சொல்லவில்லை. மற்றவர் வேகம் குறைந்ததைக் கண்டும் கேட்கவில்லை. இறுதியில் மிதிக்க இயலாமல் சாலையோரம் அமர்ந்தபோது மாலை நான்கு மணி. நாகர்கோவிலுக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

‘நீங்கள் போங்கள், நான் பேருந்தில் வருகிறேன்’ என்றார் அவர். அவ்வாறு சென்றிருந்தால் ஒருவரின் பயணம் நிறைவேறியிருக்கும். எங்கள் பயணம் நிறைவேறியிராது. கையிருப்பில் இருந்த ஐந்தாம் நாளை அப்போது பயன்படுத்தினோம். அன்றிரவு பணகுடியிலேயே தங்கி, மறுநாள் காற்று தணிந்திருந்த விடியற்காலையில், வலியில்லாதவர் முழுநேரமும் முன்செல்ல, மெதுவாகக் கணவாயைக் கடந்தோம். பயண நாள்கள் நான்கு ஐந்தாயின. புறப்பட்ட இருவரும் திருவனந்தபுரம் சேர்ந்தோம்.

அவசரகால நிதி வைத்திருக்குமாறு வாடிக்கையாளர்களிடம் நாங்கள் அடிக்கடி கூறுவதுண்டு. பயன்படாமல் போனால் வீண் என்று தோன்றும் அந்த இருப்பே, தேவைப்படும் நாளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

பணத்தின் கணக்கு

ஆளுக்கு 3,000 ரூபாய் பொதுவில் இட்டு, முழுவதையும் ஒருவரின் கணக்கில் வைத்து, யுபிஐ வழியாகச் செலவிட்டோம். ஒவ்வொரு தேநீருக்கும் கணக்குத் தீர்க்கும் சங்கடம் இதனால் நீங்கியது. ஆனால் அந்த மூன்றாம் நாளிலேயே அவருடைய கைப்பேசி கீழே விழுந்து உடைந்தது. மற்றவரின் கைப்பேசி வரைபடம் காட்டியே மின்னேற்றம் தீர்ந்து அணைந்திருந்தது. விடுதி வாடகையைக் காப்பாற்றியது, இருக்கைப் பையில் மடித்து வைத்திருந்த சிறிது ரொக்கம். வங்கியில் பணம் இருப்பது வேறு, அது வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டுவது வேறு. பொதுப் பணத்தை இரு கணக்குகளில் பிரித்து வையுங்கள், ஏ.டி.எம். அட்டையைக் கைப்பேசியுடன் ஒரே பையில் வைக்காதீர்கள். ஓரிரவுத் தங்கலுக்கும் உணவுக்கும் போதுமான ரொக்கம் இருவரிடமும் இருக்கட்டும்.

அட்டையோ கைப்பேசியோ தொலைந்தால் உடனே வங்கிக்குத் தெரிவிப்பது முதற்கடமை. கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பின்னர் நிகழும் இழப்புக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்லர் என்று ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பண மோசடி எனில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். வங்கியின் உதவி எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

பாதுகாப்பின் கணக்கு

பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர்கள் சேரலாம். ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். விபத்தால் மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 2 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். மருத்துவமனைச் செலவை இத்திட்டம் ஏற்பதில்லை என்பதை மறவாதீர்கள். அதற்குத் தனி மருத்துவக் காப்பீடு தேவை. கணக்கில் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்துக்கும் ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலையில் உடன்வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: ‘வலித்தால் சொல்வீர்களா?’ நாங்கள் அடுத்த பயணத்துக்கு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க இருக்கிறோம்.