கிங்ஸ்நேக் குட்டிகளின் உணவுப் பழக்கமும் பசியும்

கிங்ஸ்நேக் என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும் நஞ்சற்ற பாம்பு வகை ஆகும். இது கொலுப்ரிடே குடும்பத்தில் லாம்ப்ரோபெல்டிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அழகிய வரிகளும் பழக எளிதான இயல்பும் இருப்பதால் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பலர் இதைச் செல்லப் பிராணியாக வளர்க்கின்றனர். முதல் ஆண்டில் இதன் பசி, வளர்ப்பவரைக் குழப்பக்கூடியது. சில குட்டிகள் எப்போது இரையைக் காட்டினாலும் பாய்ந்து பிடிக்கும். வேறு சில வாரக்கணக்கில் எதையும் தொடாமல் இருக்கும். முதலாவதைப் பட்டினி என்றும் இரண்டாவதை நோய் என்றும் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் பாம்பு பாய்ந்து பிடிப்பதை மட்டும் வைத்து அதன் உடலுக்கு எவ்வளவு உணவு தேவை என்பதை அறிய முடியாது. எடை, உடல்வாகு, கூண்டின் வெப்பநிலை, சட்டை உரிக்கும் காலம் ஆகியவற்றைக் கொண்டே அதை அறிய வேண்டும்.

பெயர்

பெயர் ஒற்றுமையால் கிங்ஸ்நேக்கை, கிங் கோப்ரா எனப்படும் ராஜநாகத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணப்படும் ராஜநாகம் கொடிய நஞ்சுடையது. வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை, இரண்டும் மற்றப் பாம்புகளை உண்பவை என்பதாகும். லாம்ப்ரோபெல்டிஸ் என்னும் பெயர் 'பளபளப்பு', 'கேடயம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இப்பாம்பின் வழவழப்பான செதில்களை இது குறிக்கிறது. வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது கலிபோர்னியா கிங்ஸ்நேக் ஆகும்.

இயற்கை வாழிடத்தில் உணவு

கிங்ஸ்நேக் தன் இரையை உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று முழுதாக விழுங்கும். எலிகள், பல்லிகள், பறவைகள், முட்டைகள், மற்றப் பாம்புகள் ஆகியவை இதன் உணவு. கிலுகிலுப்பை விரியனின் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்பதால் அப்பாம்பையும் இது வேட்டையாடும். தன்னைவிட நீளமான பாம்பைக்கூட இதனால் விழுங்க முடியும். விழுங்கப்படும் பாம்பின் முதுகெலும்பு அலைபோல மடிந்து, வயிற்றின் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

காட்டில் அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்பது உறுதியில்லை. எனவே, எதிர்ப்படும் இரையைத் தவறவிடாத பாம்பே பிழைக்கிறது. கூண்டில் வாரந்தோறும் உணவு கிடைத்தாலும் இந்த இயல்பு மாறுவதில்லை. உண்டு முடித்த குட்டி மறுநாளே மீண்டும் இரை தேடுவதுபோல் நாக்கை நீட்டி அலைவதற்கு இதுவே காரணம்.

பசியைத் தூண்டும் புலன்கள்

பாம்பு, பிளவுபட்ட நாக்கினால் காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களைச் சேகரித்து, வாயின் மேற்புறத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுசெல்கிறது. இரையை அறிவதில் இந்த உறுப்பே முதன்மையானது. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் கூண்டுக்குள் விட்டால் குட்டி அந்தக் கையைக் கடிப்பது இதனால்தான். அது கோபமன்று; மணத்தால் ஏற்பட்ட தவறு. சில நேரங்களில் இரையின் மணம் பட்ட தன் வாலையே கிங்ஸ்நேக் கவ்விக்கொள்வதும் உண்டு. இரையைக் கையால் கொடுக்காமல் நீண்ட இடுக்கியால் கொடுப்பது நல்லது.

எவ்வளவு, எப்போது?

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும். அதன் வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள்கரு சில நாள்களுக்குப் போதுமானது. பொதுவாக முதல் சட்டையை உரித்த பிறகே, அதாவது ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் கழித்தே, அது இரையை நாடும்.

கொன்று உறையவைத்த சுண்டெலிக் குஞ்சுகளே வழக்கமான உணவு. ரோமம் முளைக்காத குஞ்சு 'பிங்கி' எனப்படும். புதிதாகப் பிறந்தது 1 முதல் 2 கிராம் எடை இருக்கும். ரோமம் முளைத்தது 'ஃபஸ்ஸி' எனப்படும். இரையின் பருமன், பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அளவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம். குட்டிகளுக்கு 5 முதல் 7 நாள்களுக்கு ஒருமுறையும், முழு வளர்ச்சி பெற்றவற்றுக்கு 10 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுப்பது வழக்கம்.

உறைந்த குஞ்சைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, பின் பையோடு வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் உட்பகுதி வெந்துவிடும். எலும்போடு கூடிய முழு இரையிலிருந்துதான் பாம்புக்குச் சுண்ணாம்புச்சத்து கிடைக்கிறது. எனவே இறைச்சித் துண்டுகள் அதற்கு ஈடாகா. உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டால் அது பாம்பைக் கடித்துக் காயப்படுத்தக்கூடும்.

உண்ண மறுப்பதற்கான காரணங்கள்

சட்டை உரிக்கும் காலம்: கண்கள் நீலம் கலந்த வெண்மையாக மங்கும்போது பாம்பால் சரியாகப் பார்க்க முடியாது. அந்நாள்களில் பல குட்டிகள் உண்பதில்லை. சட்டை கழன்றதும் பசி திரும்பிவிடும்.

வெப்பக் குறைவு: பாம்பு தன் உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தை நம்பியிருக்கிறது. கூண்டின் ஒரு பக்கம் 28 முதல் 31 பாகை செல்சியசும், மறுபக்கம் 22 முதல் 25 பாகையும் இருக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் செரிமானமும் பசியும் குறையும்.

இடமாற்றம்: புது வீட்டுக்கு வந்த குட்டிக்கு ஒரு வாரமாவது தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டும். பதுங்குவதற்கு இடமில்லாத கூண்டில் அது அஞ்சி ஒடுங்கும்.

குளிர்காலம்: கூண்டு சூடாக இருந்தாலும் சில கிங்ஸ்நேக்குகள் குளிர்மாதங்களில் உணவைக் குறைத்துக்கொள்ளும். காட்டில் அக்காலத்தில் அவை உறங்கிக் கிடப்பவை.

நோய்: வாயில் கோழை, மூச்சில் ஓசை, தளர்ந்த உடல், தொடர்ந்து குறையும் எடை ஆகியவை இருந்தால் ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதல் இரையையே தொடாத குட்டி

காட்டில் கிங்ஸ்நேக் குட்டிகள் சிறு பல்லிகளையும் மற்றப் பாம்புக் குட்டிகளையும் பெரிதும் உண்கின்றன. இதனால் சில குட்டிகளுக்கு எலியின் மணம் இரையாகவே தோன்றாது. அத்தகைய குட்டிக்குப் பல்லியின் மணம் ஏற்றிய பிங்கியைக் கொடுப்பர். காற்றுத் துளையுள்ள சிறு பெட்டியில் குட்டியையும் இரையையும் சேர்த்து இரவு முழுவதும் இருட்டில் விடுவதும் பலன் தரும். ஒருமுறை மறுத்தால் அடுத்த நாளே மீண்டும் முயலாமல் 5 நாள்களாவது இடைவெளி விட வேண்டும். வாயைத் திறந்து இரையைத் திணிப்பது கடைசி வழி. பழக்கமில்லாதவர் செய்தால் குட்டியின் தாடையும் உணவுக்குழாயும் காயப்படும் என்பதால் அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

விழுங்கியதைக் கக்குதல்

இரை பெரிதாக இருந்தாலோ, கூண்டு குளிர்ந்திருந்தாலோ, உண்டவுடன் கையில் எடுத்தாலோ குட்டி விழுங்கியதைக் கக்கிவிடும். அதனால் உண்ட பின் 48 மணி நேரம் அதைத் தொடக் கூடாது. கக்கும்போது வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்; உடலின் நீரும் குறையும். கக்கிய குட்டி பசியோடு இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே மீண்டும் ஊட்டுவது ஆபத்தானது. 10 முதல் 14 நாள்கள் தண்ணீர் மட்டும் வைத்துக் காத்திருந்து, பிறகு முன்பு கொடுத்ததில் பாதி அளவுள்ள இரையைக் கொடுக்க வேண்டும். மீண்டும் கக்கினால் மருத்துவ ஆய்வு தேவை.

மிகையாக ஊட்டுதல்

கேட்கும்போதெல்லாம் ஊட்டப்படும் கிங்ஸ்நேக் எளிதில் பருத்துவிடும். அதே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால் பாம்பு மிகக் குறைந்த ஆற்றலையே செலவிடுகிறது. மிகுந்த உணவு கொழுப்பாகச் சேர்ந்து கல்லீரலைப் பாதிக்கும். நல்ல நிலையில் உள்ள பாம்பின் உடல், குறுக்குவெட்டில் ஏறத்தாழ வட்டமாக இருக்கும். முதுகெலும்பு கூர்மையாகத் துருத்தினால் உணவு போதவில்லை. வளையும்போது செதில்களுக்கு இடையே தோல் விரிந்து தெரிந்தால் உணவு மிகுதி.

தனிக்கூண்டின் தேவை

கிங்ஸ்நேக் தன் இனத்தையே உண்ணக்கூடியது. ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்த குட்டிகளானாலும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். எனவே ஒரு கூண்டில் ஒரு பாம்பே இருக்க வேண்டும். கூண்டின் மூடி இறுக்கமாகப் பூட்டப்படுவதும் இன்றியமையாதது. ஸ்பெயினுக்கு உரிய கிரான் கனேரியா தீவில், செல்லப் பிராணிகளாகக் கொண்டுவரப்பட்ட கலிபோர்னியா கிங்ஸ்நேக்குகள் வெளியேறிப் பெருகின. 1998ஆம் ஆண்டில் அவை அங்குத் திறந்தவெளியில் முதன்முதலாகக் காணப்பட்டன. இயற்கையாகப் பாம்புகளே இல்லாத அத்தீவின் பல்லிகளுக்கு இவற்றிடமிருந்து தப்பத் தெரியவில்லை. அத்தீவுக்கே உரிய பெரும்பல்லியின் எண்ணிக்கை பாம்புகள் பரவிய இடங்களில் கடுமையாகச் சரிந்துள்ளது.

குறிப்பேடு

உணவு கொடுத்த நாள், இரையின் எடை, உண்டதா மறுத்ததா, சட்டை உரித்த நாள், மலம் கழித்த நாள், சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடுத்த எடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது வளர்ப்பவருக்குப் பெரிதும் உதவும். மூன்று முறை உணவை மறுத்தும் எடை மாறாத குட்டியைப் பொறுமையாகக் கவனித்தால் போதும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்ட குட்டியை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது அவர் முதலில் கேட்கும் விவரங்கள் அந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கும்.