கடைசி வாரம் மாற்றும் தலையெழுத்து

அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்தில் பருவத்தின் இறுதி வாரம் மிக முக்கியமானது.

மார்ச் மாதத் தேசியப் போட்டியில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அணிகளுக்கே இடம். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் ஒவ்வொரு லீக்கும் கிண்ணப் போட்டி நடத்தும். வெல்லும் அணி நேரடியாகத் தகுதிபெறும். எஞ்சிய இடங்களைத் தேர்வுக்குழு நிரப்பும்.

இதனால், பருவம் முழுதும் முதலிடம் வகித்த சிறிய கல்லூரிகூட ஒரே தோல்வியில் வாய்ப்பை இழக்கலாம்.

மாறாக, 2024ல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக அணி தனது கடைசி நான்கு லீக் ஆட்டங்களிலும் தோற்றது. கிண்ணத்தை வெல்வது மட்டுமே எஞ்சிய வழி. ஐந்து நாள்களில் ஐந்து ஆட்டங்களை வென்று அந்த அணி தகுதிபெற்றது. பின்னர் தேசியப் போட்டியின் அரையிறுதிக்கும் முன்னேறியது. 1983க்குப் பிறகு அதுவே முதன்முறை.

பட்டியலில் பின்தங்கிய அணிகள் கடைசிவரை நம்பிக்கையைக் கைவிடாததற்கு இதுவே காரணம்.