வயிற்றுக்கும் பைபாஸ் உண்டு

எங்க தேசூர்ல பைபாஸ்னா ஒண்ணு ரோடு, இல்லேன்னா இதயம். உடல் எடை குறைக்க வயிற்றிலும் ஒரு பைபாஸ் செய்கிறார்கள். இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதில் தைப்பார்கள். 1966-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது. பிறகு நிறைய மாறிவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாகவே முடிகிறது. இந்தக் குறிப்பு, எப்போதாவது வரும் ஒரு சிக்கலைப் பற்றி: வயிற்றுக்குள்ளேயே வரும் ஹெர்னியா.

சேலைக் கொசுவத்தை நினைச்சுக்கோங்க. இடுப்பில் ஒரு பிடி, கீழே விரிப்பு. சிறுகுடலைத் தாங்கும் சவ்வும் அப்படித்தான். முதுகுப்பக்கம் ஒரு சாண் அளவே ஒட்டியிருக்கும், விளிம்பில் ஆறு மீட்டர் குடல். அதை வெட்டி இடம் மாற்றும்போது சவ்வில் சந்துகள் உண்டாகின்றன. அதில் ஒன்றுக்கு, 1900-ல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் பீட்டர்சனின் பெயர். உடம்பு இளைக்க இளைக்கச் சவ்விலுள்ள கொழுப்பும் கரையும், சந்து பெரிதாகும். அதாவது ஆபரேஷன் பலித்தால்தான் இந்த ஆபத்து கூடுகிறது! ஒன்றிரண்டு வருஷம் கழித்துக்கூட குடல் உள்ளே நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும்.

அப்போ சந்தைத் தைச்சுட்டா போச்சே? ஸ்வீடனில் 2,507 பேரிடம் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். தைக்காதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மூன்று வருஷத்துக்குள் குடல் அடைப்புக்காக மறு ஆபரேஷன், தைத்தவர்களில் ஐந்தரை. ஆனால் தைத்தவர்களுக்கு முதல் மாதச் சிக்கல்கள் கொஞ்சம் கூடுதல், தையல் இழுத்துக் குடல் மடங்குவதால். இருந்தும் தைப்பதே மேல் என்பது என் கணக்கு. இரைப்பையை மட்டும் வெட்டிக் குறைக்கும் 'ஸ்லீவ்' முறையில் குடலைத் தொடுவதில்லை, இந்தச் சந்தும் இல்லை.

வலி சாப்பிட்டபின் விட்டுவிட்டு வரும், முதுகுக்குப் பாயும். வாந்தி இல்லாமலும் இருக்கலாம். அதனால் 'கேஸ்' என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவது சுலபம். கர்ப்பிணி என்றால் பழி குழந்தை மேல் போய்விடும்; அவர்களுக்குத்தான் இது கூடுதல் ஆபத்து. சிடி ஸ்கேனில் ரத்தக்குழாய் சுழல்போலத் தெரிந்தால் சந்தேகம் உறுதி. ஸ்கேன் சுத்தமாக இருந்தும் வலி விடலேன்னா, லேப்ராஸ்கோப்பி போட்டுப் பார்ப்பதுதான் வழி.

ஆபரேஷன் செய்த டாக்டர் சென்னையில் இருப்பார், வலி நம்ம ஊரில் நடுராத்திரி வரும். அங்கே போய் 'பைபாஸ் பண்ணியிருக்கு' என்று மட்டும் சொன்னால் ஈசிஜி எடுப்பார்கள். 'எடை குறைக்கக் குடல்ல பண்ணினது' என்று சேர்த்துச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருங்க, வீட்டில் இன்னொருத்தர் போனிலும்.