தக்க கணத்தில் ஒரு தீப்பொறி

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே செல்கின்றது. அச்சாலையில் விரைந்து வரும் பெட்ரோல் கார் ஒன்று, பெரம்பலூரில் கிழக்கே திரும்பி அரியலூரை நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளின் பின்னே அது மெல்ல ஊர்கின்றது. வழி கிடைத்ததும் மீண்டும் விரைகின்றது. இவ்வாறு வேகமும் சுமையும் மாறுந்தோறும் அதன் எஞ்சினுள் நுண்ணிய கணக்கு ஒன்றும் மாறுகின்றது. அக்கணக்கு யாது?

எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை புகுகின்றது. பிஸ்டன் மேலெழுந்து அதனை அழுத்துகின்றது. ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் மின்பொறி அதனைப் பற்றவைக்கின்றது. ஆயினும், கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. தீ பரவுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே, பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி தோன்றுதல் வேண்டும்.

எவ்வளவு முன்னர்? ஒரு வினாடியின் 500இல் ஒரு பங்கு நேரத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 1000 முறை சுழலும் எஞ்சின் அந்நேரத்தில் 12 பாகை திரும்பும். 3000 முறை சுழல்வதோ 36 பாகை திரும்பிவிடும். ஆதலின், வேகம் மிகும்பொழுது பொறி பொதுவாக முந்த வேண்டும். லாரியைக் கடப்பதற்காக ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், உருளைக்குள் மிகுதியான கலவை புகுந்து விரைந்து எரியும். அப்பொழுது பொறி சற்றுப் பிந்த வேண்டும்.

பொறி பிந்தினால் வெப்பம் புகைக்குழாய் வழியே வீணாகும். பெட்ரோல் செலவு மிகும். அளவின்றி முந்தினாலோ, எரியாது எஞ்சிய கலவை அழுத்தத்தால் தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். இத்தட்டல் நீடித்தால் பிஸ்டனே சிதைந்துவிடும்.

முற்காலத்தில் டிஸ்டிரிபியூட்டர் என்னும் கருவியே இவ்வேலையைச் செய்தது. வேகம் கூடுகையில் விரியும் சிறு எடைகளும், காற்றழுத்தத்திற்கேற்ப அசையும் மென்தகடும் பொறியின் நேரத்தை மாற்றின. அதன் பகுதிகள் தேய்ந்ததும், அனுபவமிக்க மெக்கானிக் எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதனைத் திருப்பிச் சரிசெய்வார்.

இன்றைய கார்களில் அப்பணி சிறு கணிப்பொறியைச் சார்ந்தது. சுழலும் பற்சக்கரம் ஒன்றில் 60 பற்களுக்கு உரிய இடத்தில் இரண்டு பற்களை விட்டுவைப்பது வழக்கம். அவ்விடைவெளி கடக்கும்பொழுது பிஸ்டன் இருக்குமிடத்தை உணரி அறிவிக்கின்றது. காற்றின் அளவையும் எஞ்சினின் வெப்பத்தையும் வேறு உணரிகள் தெரிவிக்கின்றன. கணிப்பொறி தன் நினைவிலுள்ள அட்டவணையோடு அவற்றை ஒப்பிட்டு, உரிய கணத்தில் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் துண்டிக்கின்றது. உடனே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுந்து பொறி பறக்கின்றது. எஞ்சின் மீது பொருத்திய படிகம் ஒன்று தட்டலை உணர்ந்தால், கணிப்பொறி பொறியைச் சில பாகை பிந்தச் செய்து, பின்னர்ச் சிறிது சிறிதாக மீட்கின்றது. மெக்கானிக்கின் செவி செய்த பணியை இப்படிகம் ஓயாது செய்கின்றது எனலாம்.

1979இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், பொறியையும் எரிபொருளையும் ஒருசேர ஆளும் கணிப்பொறியைப் பி.எம்.டபிள்யூ. காரில் அமைத்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி புகையை அடக்குவதற்கும் இத்தகைய கட்டுப்பாடு இன்றியமையாதது.

நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் நான்கு உருளை எஞ்சினில், ஒரு வினாடியில் 100 முறை கலவை பற்றவைக்கப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகப் போடப்படுகின்றது. சிறு பொறியே ஆயினும், அது தக்க கணத்தில் தோன்றினாலன்றிப் பெரும் பயன் விளைவதில்லை.