தலை மேலே; கால் எங்கே?

தாராவியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் ஸ்கேன் தாளில் 'பிரீச்', அதாவது குழந்தையின் தலை மேலே, என்று இருந்துவிட்டால் வீடே கலங்குகிறது. 28-ஆம் வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை தலையை மேலே வைத்துத்தான் கிடக்கும். பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று, நான்குதான் அப்படியே இருக்கும். ஆகவே ஏழாம் மாதத்துப் பயம் வீண். 36-ஆம் வாரத்தில் விலாவுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாகத் தலை தட்டுப்பட்டு, உதை அடிவயிற்றில் விழுந்தால், அப்போது கேட்க வேண்டியது கால்கள் எங்கே என்பதைத்தான்.

அதிகம் காணப்படும் 'ஃபிராங்க்' வகையில் கால்கள் நீண்டு பாதங்கள் முகத்தருகே இருக்கும். பிட்டம் கருப்பை வாயை நன்றாக அடைத்துக்கொள்வதால் தொப்புள்கொடி நழுவுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சம்மணமிட்ட நிலையிலுள்ள 'கம்ப்ளீட்' வகையில் அது ஐந்தை ஒட்டி வரும். பாதம் முந்தும் 'ஃபுட்லிங்' வகையிலோ பதினைந்தைத் தாண்டும். பாதம் மெலிது, சுற்றிலும் இடைவெளி இருப்பதால் பனிக்குடம் உடைந்ததும் கொடி வழுக்கி இறங்கிவிடும். கருப்பை வாய் முழுதாகத் திறக்குமுன்பே காலும் உடலும் வெளியே வந்து, எல்லாவற்றிலும் பெரிதான தலை கடைசியில் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

அப்படியானால் எல்லோருக்கும் சிசேரியன் செய்துவிடலாமே என்பார்கள். 26 நாடுகளில் நடந்து 2000-இல் 'லான்செட்'டில் வெளியான ஆய்வு அந்தப் பக்கம்தான் நின்றது: குழந்தையின் இறப்பும் கடும் பாதிப்பும் திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், சுகப்பிரசவத் திட்டத்தில் 5 சதவீதம். ஆனால் 2004-இல் வந்த தொடர்ச்சியில், இரண்டு வயதில் இறப்பிலும் வளர்ச்சிக் குறைவிலும் வேறுபாடு தெரியவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2006-இல் வந்த ஆய்வும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அங்கே தகுந்தவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள், கைதேர்ந்தவர்கள் அருகே இருந்தார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் சிசேரியனே விவேகம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தழும்பின் மேல் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி ஒட்டிப் பதியலாம். ஒவ்வொரு அறுவைக்கும் அந்த ஆபத்து கூடும். அதனால் கத்திக்கு முன் ஒரு வழியைப் பார்க்க வேண்டும்: 36, 37-ஆம் வாரத்தில் மருத்துவர் வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்புவது. ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பலிக்கும். இருநூறில் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம் என்பதால் அறுவை அரங்குள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். வீட்டில் எண்ணெய் தேய்த்துத் திருப்பப் பார்ப்பது கூடவே கூடாது.

தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இங்குள்ள தமிழர்களில் பலருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். வளைகாப்பு முடிந்து, ஒரு நாளுக்கு மேலாகும் ரயிலில் ஏறுவது பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையில். இங்கே பார்த்த டாக்டர் இனிப் பார்க்கமாட்டார். அங்கே பார்ப்பவருக்கு முன்கதை தெரியாது. வலி வந்தால் எப்படியும் கண்டுபிடிப்பார்கள் என்பது சரிதான், ஆனால் திருப்பிப் பார்க்கும் வேளை அதற்குள் பெரும்பாலும் போயிருக்கும். எந்த ஊரில் இருந்தாலும் 36-ஆம் வாரத்தில் ஒரு சோதனை, அட்டையில் 'பிரீச்' என்பதோடு எந்த வகை என்பதும். பாதம் முந்தியது என்றால் பனிக்குடம் உடைந்ததும் வலிக்காகக் காத்திராமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.